இருநூற்று மூன்று படங்களும் ஒரு கல்லும்

"அண்ணாச்சி, உங்க வீட்டுக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருக்கு" என்றான் மதார்.

திரையில் செல்வமணியின் புது வீடு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வெறும் தரையில் அஸ்திவாரம் முளைத்தது, நடுங்கியது. சுவர் எழும்பியது, அதுவும் நடுங்கியது. மாடிக் கைப்பிடிச் சுவர் வந்து சேர்ந்தபோது மொத்த வீடும் ஒருமுறை துள்ளிப் படத்தின் ஓரத்தில் முட்டி நின்றது.

"ஸ்டாண்டு போட்டு எடுத்தியளா, கையில எடுத்தியளா?"

"கையிலதான்."

"காலையில காப்பி குடிச்சிட்டா, குடிக்காமலா?"

"சில நாள் குடிச்சிட்டு, சில நாள் குடிக்காம."

"அது தெரியுது" என்றான் மதார்.

திசையன்விளையில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் மதார். மாப்பிள்ளை முகத்துப் பருவை அழித்து, மாமனார் முகத்தில் சிரிப்பை வரவழைக்கிற அளவுக்குக் கைகாரன். அவனிடம் செல்வமணி கொண்டு வந்திருந்தது கல்யாணம் இல்லை, இருநூற்று மூன்று புகைப்படங்கள். எல்லாம் ஒரே வீடு. நாளைக்கு ஒன்று வீதம், தை மாதத்திலிருந்து ஆடி முடிய எடுத்தவை. அத்தனையையும் கோத்து ஓட்டினால் வீடு தானாக மண்ணிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

ஆசைக்குக் காரணம் இருந்தது. செல்வமணி ராதாபுரத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். ஊருக்கு மேற்கே ஆறு வருஷமாக உடைமுள் மண்டிக் கிடந்த மனையில் தை மாதம் வீட்டு வேலையைத் தொடங்கினார்கள். தொடங்கினார்கள் என்று மரியாதைக்குச் சொல்வது. தொடங்கியது, நடத்தியது, முடித்தது எல்லாம் அவர் மனைவி முத்துராணி. செல்வமணி ஒரே ஒரு முறை தலையிட்டார். வேலை தொடங்கும் முன்பே, தள்ளுபடி என்று சொன்னார்களே என ஹாலுக்குத் தரை ஓடு வாங்கி வந்தார். அது குளியலறைச் சுவரில் ஒட்டுகிற ஓடு. ஓட்டுக்கு ஒரு டால்பின் வேறு துள்ளிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள் முத்துராணி. "தெனமும் ஒரு போட்டோ எடுங்க. அது போதும்."

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். செல்வமணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் காலை எட்டு மணிக்குத் தெருவின் எதிர்ப்பக்கம், வேப்பமரத்தை ஒட்டி நின்று ஒரு படம். காய்ச்சலிலும் எடுத்தார். மாமியார் இறந்த அன்றும் எடுத்துவிட்டுத்தான் அழப் போனார்.

முத்துராணிக்கு அண்ணன் தம்பி நாலு பேர். எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "மாப்பிள்ளைக்கு வீட்டுல என்ன வேலை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆவணியில் புதுமனை புகும் பால்காய்ச்சு. அன்று வாசலில் பெரிய திரை கட்டி, வீடு வளர்வதைக் காட்டி, கடைசியில் 'படம்: செல்வமணி' என்று போட வேண்டும். தான் கட்டிய வீட்டில் தன் பேர் இருக்கப்போகும் ஒரே இடம் அதுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நடுக்கத்த நிறுத்த முடியுமாவே?"

"அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு அண்ணாச்சி. படத்துல எது நகராம நிக்கோ அத அதுவே கண்டுபிடிச்சிப் பிடிச்சிக்கிடும்."

அது கண்டுபிடித்தது முத்துராணியை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கை, கொத்தனாரை நோக்கி நீட்டிய மறு கை என்று பாதிக்கு மேற்பட்ட படங்களில் அவள் ஒரே இடத்தில் நின்றிருந்தாள். இப்போது திரையில் முத்துராணி அசையாமல் நின்றாள். வீடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

செல்வமணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"நடந்தது என்னமோ இதுதான்" என்றார். "ஆனா மச்சினமாரு முன்னால இதப் போட முடியாதுவே."

"அப்போ நீங்களே சொல்லுங்க. ஏழு மாசமும் நகராம ஒரே இடத்துல இருந்த பொருள் எது?"

"பின்னால ஒரு பனை நிக்கே?"

"அது காத்துல ஆடும்."

செல்வமணி யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "கல்லு! எல்லைக்கல்லு இருக்குல்லா, வடக்கு ஓரத்துல! பூமி பூஜை அன்னைக்கு நானே சுண்ணாம்பு அடிச்சி வச்சேன். பாரு, எல்லாப் படத்துலயும் வெள்ளை வெளேர்னு தெரியும். கல்லு எங்கயாவது நகருமாவே?"

மதாருக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, இருநூற்று மூன்று படத்திலும் அந்தக் கல்லின்மேல் புள்ளி வைத்து, கல்லை ஒரே இடத்தில் நிறுத்தினான்.

மூன்றாம் நாள் செல்வமணி வந்து பார்த்தார். வீடு நடுங்கவில்லை. ஆனால் பைய பைய வலது பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"எங்கவே போகுது?"

"வடக்க போகுது அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போகுது போல" என்றான் மதார். "இன்னொண்ணும் இருக்கு. பத்தொன்பதாவது நாளு அஸ்திவாரம் ஒரே துள்ளா நாலடி வடக்க துள்ளுது, பாருங்க. இந்த ஒரு படத்தத் தூக்கிருவமா?"

"தூக்காத! அது துள்ளல் இல்ல. அன்னைக்குத்தான் அம்மன் வந்தா."

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஈசானிய மூலைக்குச் சற்று வெளியே, மண்ணுக்குள்ளிருந்து முழ உயரத்தில் ஒரு கல் வெளிப்பட்டது. தலையில் சூலம் போல மூன்று கீறல். வெளியூர்க் கொத்தனார் கடப்பாரையை ஓங்க, முத்துராணி குறுக்கே விழுந்து தடுத்தாள். ஈசானிய மூலை தேடி அம்மன் தானாக வந்து நிற்கிறாள், அவளை வெயிலில் விட்டுவிட்டு வீடு கட்டுவதா? அன்றே அஸ்திவாரத்தை நாலடி தள்ளிப் போட வைத்து, அம்மன் உள்ளே வருகிற மாதிரி சாமியறை கட்டிவிட்டாள். இப்போது அம்மனுக்கு மஞ்சள் காப்பும் சிவப்புப் பாவாடையும் உண்டு. நேர்ந்துகொண்ட மூக்குத்தியைக்கூடப் போன வாரம் போட்டாயிற்று.

"அப்போ அது கிடக்கட்டும்" என்றான் மதார். சாமி விஷயத்தில் அவன் கை வைப்பதில்லை. "கல்ல விட்டுருவோம். வீட்டோட தெக்கு மூலையப் பிடிப்போம். எப்படி நகருதுன்னு பாத்துருவோம்."

அடுத்த வாரம் வீடு அசையவில்லை. காலை வெளிச்சம் நாளுக்கு நாள் மாறுவதையும் மதார் சரி செய்திருந்தான். மண் விலகி அஸ்திவாரம் வந்தது. சுவர்கள் செடி வளர்வது போல எழும்பின. ஜன்னல்கள் திறந்துகொண்டன, தளம் மூடியது, வெள்ளை பூசி, பச்சை பூசி, கடைசியில் வாசலில் மாவிலைத் தோரணத்தோடு வீடு நின்றது. கீழே 'படம்: செல்வமணி'.

செல்வமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தரம் போடுவே" என்றார்.

இரண்டாம் தரம் பார்த்தபோதுதான் கல் கண்ணில் பட்டது. படத்தின் வலது ஓரத்தில் கிளம்பிய வெள்ளைக்கல், எறும்பு இழுத்துக்கொண்டு போகிற வெல்லக்கட்டி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஆடி மாதம் சாமியறைச் சுவரருகே வந்து நின்றது. பத்தடியாவது இருக்கும். தினமும் பார்க்கிற பெற்றவனுக்குப் பிள்ளை வளர்வது தெரியாது என்பார்களே, அந்தக் கதை.

"மதாரு... கல்லு நகருதுவே."

"வீடு நிக்குன்னா கல்லுதான நகரணும்."

"எங்கயிருந்து எங்க?"

"வடக்கயிருந்து தெக்க. உங்க பக்கமா."

வடக்கே இருப்பது ஐயம்பெருமாள் வீடு.

ஐயம்பெருமாள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீடு கட்டின ஏழு மாதமும் தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விட்டவர். செல்வமணி வந்து இறங்கியபோது அவர் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன செல்வமணி, வீடியோ முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. பாக்கியளா?"

ஐயம்பெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் முழுவதும் பார்த்தார். "நல்லா வந்திருக்குவே! வீடு கீரைத்தண்டு மாதிரில்லா வளருது!"

"வீட்டப் பாக்காதிய. கல்லப் பாருங்க."

ஐயம்பெருமாள் மறுபடி பார்த்தார். "அட, ஆமா! நகருது. ஒருவேளை வேரு தள்ளியிருக்குமோ?"

"வேரு தள்ளலை. நீங்க தள்ளியிருக்கிய."

கீரைக்கட்டு மடியிலிருந்து விழுந்தது. ஐயம்பெருமாள் மெதுவாக எழுந்தார். "முப்பத்தோரு வருசம் பஸ்ஸுல நின்னவன்வே நான். டிக்கெட்டு கிழிக்காம ஒருத்தன ஏத்துனதும் இல்ல, எவன் பைய எவன் தூக்கினாலும் விட்டதும் இல்ல. என்னையப் பாத்தா இந்தச் சொல்லு சொல்லிட்டீரு?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். மோட்டார் நின்ற சத்தம் கேட்டது. செல்வமணி வீட்டுத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் இரண்டு சொட்டோடு முடிந்தது.

முத்துராணி வாளியோடு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"பால்காய்ச்சுக்கு அஞ்சு நாளு இருக்கு. தண்ணி தந்த மனுசனையா திருடன்னு சொன்னிய?"

"ஏட்டி, நம்ம மண்ணு போகுது. வீடியோவப் பாரு!"

"உங்கள ஒண்ணும் செய்யாதியன்னு சொல்லி ஒரே ஒரு வேலை தந்தேன். அதுலயும் போலீஸ் கேஸு கொண்டாந்திருக்கிய. அந்த டால்பினே தேவல."

நியாயம் தெருவுக்குத் தெரிந்தால் தன் பக்கம் நிற்பார்கள் என்று செல்வமணி நினைத்தார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டு, 'கல்லைப் பார்க்கவும்' என்று எழுதினார்.

பார்த்தார்கள். மறுநாள் காலை புது வீட்டுப் பக்கம் வந்தால் வாசலில் முப்பது பேர். கல்லுக்கு மாலை விழுந்திருந்தது. திசையன்விளையிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. நில அபகரிப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தானாக நடந்து வந்த சாமி, வீட்டு வாசல் வரை வந்துவிட்டது, அடுத்த மாதம் உள்ளே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள்.

முத்துராணிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "உள்ள ஒருத்தி இருக்கா. வெளிய இன்னொருத்திக்குக் கும்பிடா? அவ கோவிச்சிக்கிட்டா யாரு பதில் சொல்லுதது?" என்று சாமியறைக் கதவைச் சாத்தி வைத்தாள்.

செல்வமணி கடைசி ஆயுதத்தை எடுத்தார். நிலத்தை அளக்கச் சொல்லி மனு. சர்வேயர் வர எப்படியும் ஆறு மாதம் ஆகும், அதற்குள் ஐயம்பெருமாள் பயந்துபோய்க் கல்லை இருந்த இடத்தில் வைத்துவிடுவார் என்பது அவர் எண்ணம். ஆனால் நேரம் கெட்டுப்போனால் அரசாங்க வேலைகூடச் சீக்கிரம் நடக்கும். சர்வேயர் அப்போது அடுத்த தெருவில்தான் அளந்துகொண்டிருந்தார். வீடியோ அவருக்கும் வந்திருந்தது. மனு கொடுத்த அன்றே டேப் பிடிக்கும் ரிச்சர்டைக் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"சர்வீஸுல கல்லு காணாமப் போய்ப் பாத்திருக்கேன்" என்றார். "நடந்து இப்பதான் பாக்கேன். எங்க அது?"

கூட்டம் வழிவிட்டது. அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்த அன்று மறந்துவிட்டுப் போன, சாந்து சுமக்கும் பாண்டுச் சட்டியை எடுக்கச் சித்தாள் சுடலைவடிவு வந்தாள். வெயிலில் நடந்த களைப்பு. கூட்டத்தை விலக்கி உள்ளே புகுந்தவள், மாலையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கல்லின்மேல் அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

முப்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஏட்டி, எந்திரி! சாமிமேல உக்காருதா!"

"எந்தச் சாமி?" சுடலைவடிவு கீழே குனிந்து பார்த்தாள். "இது கொத்தனாரு உக்காருத கல்லுல்லா?"

அவளே சொன்னாள். "வேலைக்கு வந்த மொத நாளு, உக்கார ஒண்ணும் இல்லன்னு அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு. ஓடையில கிடந்த கல்ல நான்தான் உருட்டிட்டு வந்தேன். தையில வேப்பமரத்து நெழலு அந்தா, அங்கன விழுந்துச்சி. போகப் போக இங்கன வந்துட்டு. நெழலு போற பக்கம் கல்லையும் உருட்டுவேன். அந்த மனுசன் வெயில்ல உக்காருவாரா?"

"வெள்ளை அடிச்சது?" என்று கேட்டார் சர்வேயர்.

"அது இந்தா, இந்த அண்ணாச்சி. காயுததுக்கு முன்ன கொத்தனாரு உக்காந்துட்டாரு. வேட்டி பூராவும் சுண்ணாம்பு. ஒரு வாரம் ஏசுனாரு."

எல்லோரும் செல்வமணியைப் பார்த்தார்கள். திசையன்விளைக் குடும்பம் கற்பூரத்தை ஊதி அணைத்துவிட்டு, உடைத்த தேங்காயைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

செல்வமணிக்கு அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனுஷனின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நேரே பக்கத்து வீட்டு வேலியருகே போனார். ஐயம்பெருமாள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க. சார், நீங்க போயிட்டு வாங்க. அளக்க வேண்டாம்."

"அது எப்படிவே?" என்றார் ஐயம்பெருமாள். "திருடன்னு தெருவுக்கே படம் போட்டுக் காட்டிட்டு, இப்போ அளக்க வேண்டாமா? நாளைக்கு எவனும் ஐயம்பெருமாள் கல்லத் தள்ளுனான்னு சொல்லப்பிடாது. அளந்துட்டுத்தான் மறுபேச்சு. சார், டேப்ப எடுங்க."

அந்த நொடியில் செல்வமணிக்குள் ஒரு பெருந்தன்மை பொங்கியது. வாழ்க்கையில் எப்போதாவதுதான் அப்படிப் பொங்கும், பொங்கும்போது வாயைக் கட்ட முடியாது.

"அளங்க சார்! நல்லா அளங்க!" என்றார் உரக்க. "நான் சொன்ன சொல்லுக்கு இதுதான் பரிகாரம். அசல் கல்லு எங்க இருக்கோ, அதுக்கு வடக்க ஒரு பிடி மண்ணு இருந்தாலும் அது அண்ணாச்சிக்கு. அதுமேல என்ன நின்னாலும் அண்ணாச்சிக்குத்தான். அம்மன் சாட்சி!"

கூட்டம் கைதட்டியது. ஐயம்பெருமாளின் முகம் லேசாக இளகியது. ஒரு நடை உள்ளே போய் மோட்டாரைக்கூடப் போட்டுவிட்டு வந்தார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு முத்துராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையைச் செல்வமணி பார்த்ததில்லை. டால்பின் மன்னிக்கப்பட்டுவிட்டது.

சர்வேயர் மனையின் அளவு காட்டும் புலப்படத்தை விரித்தார். "வடக்கு எல்லையில ஒரு கல்லு காட்டுது. ஆறு வருசமா முள்ளுக்காடா கிடந்ததுன்னா மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கும். ரிச்சர்டு, தெருமுனைக் கல்லுல இருந்து இழு."

ரிச்சர்ட் டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தான். வேப்பமரத்தைத் தாண்டினான். வேலியை ஒட்டி வருவான் என்று எல்லோரும் வேலிப் பக்கம் நகர்ந்தார்கள். அவன் வேலிக்கு வரவில்லை. புது வாசற்படியைத் தாண்டி, பச்சைச் சுவரில் முட்டி நின்றான்.

"சார், இன்னும் ஆறடி வேணும். இங்கன சுவரு வந்துட்டு."

"அப்போ உள்ள போய்ப் பாரு."

"சாமி ரூமுங்க அது" என்றாள் முத்துராணி. "செருப்பக் கழத்திட்டுப் போகச் சொல்லுங்க."

ரிச்சர்ட் நல்ல பிள்ளையாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். செல்வமணி, இதையும் ஒரு படம் எடுத்து வைப்போம், இருநூற்று நாலாவதாக இருக்கட்டும் என்று செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

உள்ளேயிருந்து ரிச்சர்டின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"சார், சர்வே கல்லு கிடைச்சிட்டு! அம்புக்குறி அப்படியே இருக்கு. ஆனா யாரோ மஞ்சப் பூசி, பாவாடை கட்டி, மூக்குத்தி வேற போட்டுவிட்டிருக்காவ!"